மின்வெட்டுக்கு அசையாத பெட்டி: பில்ட்ரூட்டில் சொந்தமாக ஒரு லினக்ஸ்

திருகோணமலை கொட்பே துறைமுகத்துக்குக் கிட்ட ஐஸ் அறை வைத்திருக்கும் ஒரு சம்மாட்டிக்கு வெப்பநிலை பதியும் பெட்டி ஒன்று செய்து கொடுத்தேன். ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினிப் போர்டு, ஓர் உணரி, எஸ்டி கார்டில் வழமையான ராஸ்பெரி பை ஓஎஸ். மூன்றாவது மின்வெட்டோடு கார்டு பழுது. "தம்பி, உம்முடைய பெட்டி படுத்துவிட்டது. அறக்குளா மீன் நிற்கிறது, எவ்வளவு நேரத்துக்கென்று தெரியாது" என்று விடியற்காலை ஐந்தரைக்கு அழைப்பு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஒரு குரங்கின் புண்ணியத்தில் நாடே இருண்டபோது இரண்டாவது கார்டும் போனது. அதற்குப் பிறகுதான் பில்ட்ரூட்டுக்கு வந்தேன்.

பில்ட்ரூட் ஆயத்தமாகக் கிடைக்கும் லினக்ஸ் அல்ல. கர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி), பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் சிறு தொகுப்பு), நீங்கள் கேட்கும் பொதிகள் எல்லாவற்றின் மூலநிரலையும் இறக்கி, உங்கள் போர்டுக்கு ஏற்றபடி தொகுத்து, கார்டில் எழுதத்தக்க ஒரே கோப்பாகக் கையில் தந்துவிடும். நீங்கள் கேட்காத எதுவும் உள்ளே இருக்காது. மூன்று மாதத்துக்கு ஒரு வெளியீடு வருகிறது. பெப்ரவரி வெளியீட்டையே எடுங்கள், 2017 முதல் அதற்குத்தான் நீண்டகால ஆதரவு. இதே வேலைக்கு யோக்டோ என்ற கருவியும் இருக்கிறது. பத்து வகைப் போர்டுகளுக்குப் பொருள் செய்யும் குழுவென்றால் அது பொருத்தம். ஒரு மடிக்கணினியும் ஒரு மருமகனும் மட்டுமே உள்ள என் கடைக்கு அது பாரம்.

லினக்ஸ் உள்ள கணினி வேண்டும். விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டுபவர்கள் கவனிக்க: விண்டோஸின் பாத் பட்டியலில் (நிரல்களைத் தேடும் கோப்புறைகளின் பட்டியல்) இடைவெளி உள்ள பெயர்கள் கலந்திருந்தால் பில்ட்ரூட் தொடக்கத்திலேயே மறுத்துவிடும். முழு அதிகாரம் கொண்ட ரூட் பயனராக ஓட்ட வேண்டியதில்லை, ஓட்டவும் வேண்டாம்.

கோப்புறைக்குள் போய் "மேக் ராஸ்பெரிபை3_டெஃப்கான்ஃபிக்" என்று தட்டுங்கள், அந்தப் போர்டுக்கான ஆயத்த அமைப்பு ஏறும். வேறு போர்டு என்றால் "மேக் லிஸ்ட்-டெஃப்கான்ஃபிக்ஸ்" முழுப் பட்டியலையும் காட்டும். அடுத்தது "மேக் மெனுகான்ஃபிக்". நீலத்திரை ஒன்று வரும். அம்புக்குறி விசைகளால் நடக்கலாம். கண்டதையெல்லாம் தெரிவு செய்யும் ஆசை வரும், அடக்குங்கள். நான் தொட்டது சிலவற்றை மட்டுமே. அதில் முக்கியமானது சிஸ்டம் கான்ஃபிகரேஷன் பகுதியில், தொடக்கத்தின்போது ரூட் கோப்பமைப்பை எழுதத்தக்கதாக மாற்றும் தெரிவு. அதன் குறியை எடுத்துவிடுங்கள். இனி இயங்குதளம் இருக்கும் பகுதியில் யாரும் எழுத மாட்டார்கள். எழுதாத பகுதி மின்சாரம் போவதால் குழம்பாது. பிஸிபாக்ஸ் தொடக்கமுறையில் பதிவுக் கோப்புகள் நினைவகத்துக்குத்தான் போகின்றன, அதனால் அந்தப் பக்கம் தொல்லை இல்லை.

தொகுக்கும் முன் "மேக் சோர்ஸ்" கட்டளையை இரவு டேட்டாவில் ஓடவிட்டுத் தூங்குங்கள். தேவையான மூலநிரல் எல்லாம் இறங்கிவிடும்; கர்னல் மட்டுமே ஏறத்தாழ 200 எம்பி. காலையில் வெறும் "மேக்". டூல்செயினையும் (நிரலைத் தொகுக்கும் கருவிகள்) சேர்த்துக் கட்டினால் என் பழைய மடிக்கணினிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. முடிந்ததும் அவுட்புட் கோப்புறையின் இமேஜஸ் பகுதியில் எஸ்டி கார்டுக்கான படிமக் கோப்பு இருக்கும்.

அளவீடுகளையாவது எங்கேயோ எழுதித்தானே ஆக வேண்டும்? அதற்குக் கார்டில் மூன்றாவதாக ஒரு சிறு பகுதி வைத்தேன், 64 எம்பி போதும். ராஸ்பெரி பைக்கான போர்டு கோப்புறையில் உள்ள ஜென்இமேஜ் அமைப்பில் அதைச் சேர்க்கலாம், கார்டின் படிமத்தைப் பகுதி பிரித்து அமைக்கும் கருவி அது. தொடக்கத்தில் அந்தப் பகுதியை ஏற்றும் எஃப்எஸ்டேப் கோப்பின் வரியையும், பகுதி வந்து அமரும் வெற்றுக் கோப்புறையையும் ஓவர்லே கோப்புறையில் வையுங்கள். ஓவர்லேயில் வைத்தது எதுவோ அது அப்படியே படிமத்துக்குள் போகும்.

இங்கேதான் ஒரு நாள் முழுக்கப் போனது. வீட்டில் கட்டிய படிமம் நன்றாக ஓடியது. மருமகன் அதே நிரலை, நிரல் பதிப்புகளைக் காக்கும் கிட் என்ற கருவியிலிருந்து கடைக் கணினிக்கு இறக்கிக் கட்டினான். அளவீடு ஒன்றும் பதியவில்லை. உணரியைக் கழற்றிப் பூட்டினோம், கார்டை மாற்றினோம், கடைசியில் என் கைராசியையும் குறை சொன்னோம். விடயம் இதுதான்: கிட் வெற்றுக் கோப்புறையைக் காப்பதில்லை. ஏற்ற இடமில்லாமல் பகுதி தொங்கி நின்றது. ரூட்டில் எழுத முடியாததால் ஓடும்போது உருவாக்கவும் வழியில்லை. உள்ளே வெற்றுக் கோப்பு ஒன்றைப் போட்டு வைத்தால் பிரச்சினை தீர்ந்தது.

உணரி டிஎஸ்18பி20. தரவுக் கம்பிக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோ ஓம் தடையி கட்டாயம். பூட் பகுதியின் கான்ஃபிக் கோப்பில் அதற்குரிய ஓவர்லே வரியைச் சேருங்கள் (மேலே சொன்ன ஓவர்லே கோப்புறை வேறு, இது உணரியைக் கர்னலுக்கு அறிவிக்கும் வரி). கர்னல் மாட்யூல்கள் தாமாக ஏறும் என்று நம்பாமல், தொடக்க நிரலில் அவற்றை ஏற்றும் மோட்ப்ரோப் கட்டளையை எழுதிவிடுங்கள். ஐஸ் அறையில் 85 பாகை என்று காட்டினால் பதற வேண்டாம்: அந்த உணரி மின்சாரம் பெற்றதும் வைத்திருக்கும் தொடக்க எண் அது, அளவீடு சரியாக நடக்கவில்லை என்று பொருள். என் நிரல் அந்த எண்ணை எறிந்துவிட்டு மீண்டும் கேட்கிறது.

பொதி ஒன்றை மெனுவிலிருந்து நீக்கினால் பழைய கோப்புகள் படிமத்தில் அப்படியே தங்கிவிடும். "மேக் கிளீன்" கொடுத்து முதலிலிருந்து கட்டுவதே வழி. அதற்கு முன் "மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்" கொடுத்து உங்கள் தெரிவுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

பெட்டி இப்போது எத்தனை மின்வெட்டு வந்தாலும் எழுந்து நிற்கிறது. முதல் வாரம் பதிவைத் திறந்த சம்மாட்டிக்குத்தான் சிரிப்பு: "தம்பி, இந்த அறக்குளா 1970ஆம் ஆண்டு பிடித்ததா?" ராஸ்பெரி பை 3இல் கடிகார பாட்டரி கிடையாது, வலைத்தொடர்பு இல்லாத இடத்தில் ஒவ்வொரு தடவையும் 1970 ஜனவரி 1இலிருந்து எண்ணத் தொடங்கும். டிஎஸ்3231 கடிகாரத் துண்டு ஒன்றையும் முதலிலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.