எல்லையின் இருபுறமும் வாழும் குழந்தைகள்: கூட்டாய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியைச் சேர்ந்த, குழந்தைகளையும் குடும்பங்களையும் பற்றி அமெரிக்க, மெக்சிகோ ஆய்வாளர்கள் சேர்ந்து செய்யும் ஆய்வுகளில் நேரும் பிழைகளுக்கு ஒரே வேர் உண்டு என்று நான் கருதுகிறேன். ஒரு நாட்டுக் குழு கேள்விகளைத் தனியே எழுதி முடித்த பிறகு, மறு நாட்டுக் குழுவைத் தகவல் திரட்டித் தருவதற்கு மட்டும் அழைப்பதே அது. மெக்சிகோவின் ஹோர்ஹே துராந்தும் அமெரிக்காவின் டக்ளஸ் மாசியும் 1982-இல் தொடங்கிய மெக்சிகோ இடப்பெயர்வு ஆய்வுத் திட்டம் வேறு வழியில் நடந்தது. வெளியே வேலைக்குப் போனவர்கள் ஊர் திரும்பும் குளிர்காலத்தில் மெக்சிகோவில் நேர்காணல் நடத்தினார்கள். திரும்பாமல் தங்கிவிட்டவர்களைத் தேடி அமெரிக்காவுக்கும் சென்றார்கள்.

ஒரு பக்கத்துப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவருக்குக் குடும்பத்தின் பாதிதான் தெரியும். அமெரிக்கப் பள்ளியிலிருந்து நின்றுவிட்டதாக எழுதப்பட்ட சிறுமி, மெக்சிகோ மாநிலமான சகாதேகாஸில் ஒரு வகுப்பறையில் உட்கார்ந்திருக்கக்கூடும். மெக்சிகோவின் விக்தோர் சூனியிகாவும் அமெரிக்காவின் எட்மண்ட் ஹாமனும் 2004-இல் நுவேவோ லியோன் மாநிலத்திலும் 2005-இல் சகாதேகாஸிலும் பள்ளிகளுக்கே நேரில் சென்று, முன்பு அமெரிக்காவில் படித்த மாணவர்களைத் தேடினார்கள்.

மொழிபெயர்ப்பில் நேரும் தவறுகள் எளிதில் கண்ணில் படுவதில்லை. ஸ்பானிய மொழி ஒன்றுதானே என்று ஒரே கேள்விப் பட்டியலை எல்லா ஊர்களிலும் பயன்படுத்துகிறார்கள். 'குவாகுவா' என்பது அமெரிக்க ஆட்சிக்குட்பட்ட கரீபியத் தீவான புவேர்த்தோ ரிக்கோவில் பேருந்து, ஈக்வடாரில் கைக்குழந்தை. 'கோராஹே' என்றால் மெக்சிகோக்காரருக்குக் கோபம். வேறு இடங்களில் துணிவு. பிள்ளை 'எதுகாதோ' (நேர்ப்பொருளில் 'கல்வி பெற்றவர்') ஆக வேண்டும் என்று ஒரு தாய் சொன்னால், அவர் பெரும்பாலும் பண்போடு வளர்வதையே குறிப்பிடுகிறார். அதைப் பட்டப்படிப்பு ஆசை என்று குறித்துக்கொண்டால் அட்டவணை முழுவதும் பிழையாகிவிடும். மெக்சிகோவில் 'செகுந்தாரியா' என்பது 7 முதல் 9 வரையிலான வகுப்புகள் மட்டுமே; அதை 12-ஆம் வகுப்பு வரை செல்லும் அமெரிக்க மேல்நிலைக் கல்விக்கு ஈடாக வைக்கக் கூடாது. மெக்சிகோவின் ஒக்சாகாவிலிருந்து கலிபோர்னியாவின் ஆக்ஸ்நார்டு பண்ணைகளுக்கு வந்த மிக்ஸ்தெக் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழி என்பதையும் மறக்கக் கூடாது.

பெயர் ஒரு சிறு விஷயம்போலத் தோன்றும். மெக்சிகோவில் ஒருவருக்குத் தந்தைவழி, தாய்வழி எனக் குடும்பப்பெயர்கள் இரண்டு. அமெரிக்கப் படிவங்களில் ஒன்று விடுபட்டுப்போவதால், அதே குழந்தை இரு நாட்டுத் தரவிலும் இரண்டு ஆட்களாகப் பதிவாகிவிடுகிறது. படிவத்தின் எல்லாக் கேள்விகளும் எல்லா லத்தீனோக்களுக்கும் பொருந்துவதில்லை. புவேர்த்தோ ரிக்கோக்காரர்கள் 1917 முதல் அமெரிக்கக் குடிமக்கள் ஆதலால், குடியேற்ற அனுமதி பற்றிய கேள்வி அவர்களிடம் பொருளற்றது.

சம்மதம் பெறுவதில் அவசரம் கூடவே கூடாது. 1946 முதல் 1948 வரை குவாத்தமாலாவில் அமெரிக்க அரசின் சுகாதார ஆய்வாளர்கள் கைதிகள் முதலியோருக்கு அவர்களின் சம்மதமின்றிப் பால்வினை நோய்க் கிருமிகளைச் செலுத்தினார்கள். அநாதை இல்லக் குழந்தைகளிடமிருந்தும் இரத்தம் எடுத்தார்கள். அமெரிக்க அரசு அதற்காக 2010-இல் மன்னிப்புக் கேட்டது. ஆகவே ஆய்வின் நோக்கத்தை வாய்மொழியாக, அவரவர் மொழியில் விளக்க வேண்டும். பெற்றோரின் குடியேற்ற நிலை ஆய்வுக்குத் தேவையில்லை என்றால் அதைக் கேட்கவே கூடாது; எழுதி வைக்காத விவரம் எவர் கையிலும் சிக்காது. தந்தை சிகாகோவிலும் குழந்தை மெக்சிகோவின் மிச்சோவாகானில் பாட்டியிடமும் இருந்தால், பாட்டியின் கையெழுத்து போதும் என்று எண்ணிவிடாமல் தந்தையையும் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். பிறகு குழந்தையிடமும் கேட்க வேண்டும்.