பழைய சேணத்தைக் கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பழைய தோல் சேணம் கண்ணில் பட்டால், பளபளப்பைப் பார்த்து விலை பேசாதீர்கள். மடியில் கவிழ்த்து, முன் மேட்டையும் பின் விளிம்பையும் பிடித்து உள்நோக்கி அழுத்துங்கள். உள்ளிருக்கும் மரச்சட்டம் முறிந்திருந்தால் நடுவில் மடங்கும், கிறீச்சிடும். அது குதிரையின் முதுகைப் புண்ணாக்கும். சவாரி செய்பவர்கள் தொடமாட்டார்கள், மறுவிற்பனை விலையும் விழுந்துவிடும். பக்கத்துத் தோலைத் தூக்கி முத்திரையையும் தேடுங்கள்: சேணத் தொழிலுக்குப் பெயர்பெற்ற இங்கிலாந்தின் வால்சால் நகரப் பெயர் இருந்தால் மதிப்பு கூடும். விற்பவரா? எண்ணெயை அப்பிவிடாதீர்கள், தயவுசெய்து! பழுத்த தோலின் நிறமே போய்விடும்.

எஃகுப் பட்டை வைத்த சேணம் லேசாக வளையும், அது பழுதல்ல. வீட்டு வளவில் அழகுக்கு வைக்க மட்டும் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.