ஐரிஷ் காபி: கிறிஸ்துமஸ் விருந்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விஸ்கியும் சர்க்கரையும் சேர்த்த சூடான காபியின்மேல் கிரீமை மிதக்கவிட்டுப் பரிமாறுவதுதான் ஐரிஷ் காபி. கிறிஸ்துமஸ் விருந்தின் நிறைவாக வீட்டிலேயே ஐரிஷ் காபி தயாரிப்பவர்கள், எந்த விஸ்கியை வாங்குவது என்று யோசிக்கும் அளவுக்குச் சர்க்கரையைப் பற்றியும் கிரீமைப் பற்றியும் யோசிப்பதில்லை. கோப்பை கெடுவது பெரும்பாலும் அந்த இரண்டால்தான்.

அயர்லாந்தில் லிமெரிக் மாவட்டத்தின் ஃபாய்ன்ஸ் கடல்விமான நிலையத்தில், குளிரில் வந்திறங்கிய பயணிகளுக்காக ஜோ ஷெரிடன் என்ற சமையற்கலைஞர் 1943 வாக்கில் உருவாக்கியதாகச் சொல்லப்படும் பானம் இது. சான் பிரான்சிஸ்கோவின் புவேனா விஸ்டா விடுதியில் 1952-இல் இதை அப்படியே செய்து பார்க்க முயன்றபோது, அவர்களுக்கும் கிரீம் மூழ்கிக்கொண்டேதான் இருந்தது. ஆகவே இந்தச் சிக்கலை அலட்சியமாகக் கருத வேண்டாம்.

உடல்நலம் கருதிச் சர்க்கரையை அறவே விட்டுவிடுவது முதல் தவறு. விஸ்கி சேர்ந்ததும் காபியின் அடர்த்தி குறைகிறது. சர்க்கரை முழுவதும் கரைந்தால்தான் அந்தக் குறை ஈடாகிக் கிரீமைத் தாங்கும் வலு திரவத்துக்கு வருகிறது. எனவே பழுப்புச் சர்க்கரை ஒரு தேக்கரண்டியாவது போட்டு, அடியில் ஒரு துகளும் தங்காதபடி கலக்க வேண்டும்.

கிரீமில் கொழுப்பு 35 சதவீதமாவது இருக்க வேண்டும். அதைக் குளிர்ந்த பாத்திரத்தில் அடிக்க வேண்டும். கெட்டியாகும்வரை அடித்துவிட்டால் அது மேலே கட்டியாக நின்று காபியை உதட்டுக்கு வரவிடாது. போதாமல் அடித்தாலோ உள்ளே கலந்து, கோப்பை கலங்கிய பால் காபியாகிவிடும். கரண்டியைத் தூக்கினால் தோசை மாவு போல இழைந்து விழ வேண்டும், விழுந்த தடம் ஓரிரு விநாடியில் மறைய வேண்டும், அதுவே பதம். பின்பு கரண்டியின் பின்புறத்தைக் காபியின் மேற்பரப்பில் பட்டும் படாமலும் பிடித்து, அதன்மேல் மெல்ல ஊற்ற வேண்டும். தெளிப்பான் குப்பியில் வரும் கிரீம் சூடு பட்டதும் கரைந்துவிடும் என்பதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கொதிக்கக் கொதிக்க இருக்கும் காபியை விஸ்கியின்மேல் ஊற்றுவதும் தவறு. விஸ்கியிலுள்ள ஆல்கஹால் 78 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கக்கூடியது, ஆகையால் அதன் ஆவி மூக்கைத் தாக்கும், விஸ்கியின் மணமும் வீணாகும். காபியைச் சற்று ஆறவிடுங்கள். ஆனால் கண்ணாடிக் கோப்பையை மட்டும் வெந்நீரால் முன்கூட்டியே சூடாக்கிக்கொள்ளுங்கள். பழைய காபியை மீண்டும் சூடாக்கினால் வரும் கசப்பை எந்தச் சர்க்கரையாலும் மறைக்க முடியாது.

சட்டப்படி குறைந்தது மூன்று ஆண்டுகள் மரப்பீப்பாயில் முதிர்ந்த சாதாரண ஐரிஷ் விஸ்கியே இதற்குப் போதும். விலையுயர்ந்த பழைய விஸ்கியின் நுட்பம் காபியில் அடங்கிவிடும், புகைமணம் மிகுந்த ஸ்காட்ச்சோ காபியோடு மோதும். அளவும் கண்திட்டமாக வேண்டாம்: 120 மில்லி காபிக்கு 50 மில்லி விஸ்கி என்பது மதுக்கலவைக்காரர்களின் கணக்கு. அயர்லாந்து மதுக்கூடங்களின் வழக்கமான அளவு 35.5 மில்லிதான், விருந்து நீளும் இரவில் அதுவே எனக்கு உகந்ததாகப் படுகிறது.

விருந்தினர் பலர் என்றால், சர்க்கரை கரைத்த காபியை வெப்பக் குடுவையில் முன்பே ஊற்றி வைக்கலாம். விஸ்கியைக் கோப்பைதோறும் தனித்தனியே அளந்து ஊற்றி, கிரீமைக் கடைசி நிமிடத்தில் அடித்து, கலக்காமல் பரிமாறுங்கள்.