டிக்கெட்டின் பின்பக்கப் பாக்கி

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்து விமான நிலையத்தில் பணம் மாற்றினால் கைக்கு வருபவை பெரும்பாலும் ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்தான். அவற்றோடு நேராகப் போய் பஸ் ஏறாதீர்கள். 27 ரூபாய் டிக்கெட்டுக்கு ஐந்நூறை நீட்டினால், காலை முதல் நடையில் நடத்துனரின் தோல்பையில் மீதி கொடுக்கும் அளவுக்கே பணம் சேர்ந்திருக்காது. வந்த அன்றே உறவினர் வீட்டிலோ மளிகைக் கடையிலோ இரண்டு தாள்களைப் பத்தும் இருபதுமாக மாற்றிக்கொள்ளுங்கள். அதை மேல்சட்டைப் பையில் தனியாக வையுங்கள். நெரிசலில் பர்ஸைத் திறந்து தேடிக்கொண்டிருக்க முடியாது.

நூறு ரூபாய் கொடுத்தாலும் மீதி உடனே வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். நடத்துனர் டிக்கெட்டைத் திருப்பி, காதில் செருகியிருக்கும் பேனாவை எடுத்து ஓர் எண்ணைக் கிறுக்கி, "இறங்கும்போது வாங்கிக்கொள்ளுங்கள்" என்பார். அந்தக் கிறுக்கல்தான் உங்கள் கடன் பத்திரம். போன முறை எனக்கு 73 என்று எழுதி வட்டமும் போட்டுக் கொடுத்தார் ஒருவர். நான் கூட்டத்தோடு முன்வாசலில் இறங்கினேன். அவர் பின்வாசலில் நின்று விசில் ஊதினார். பஸ் போய்விட்டது. அந்தச் சீட்டு இன்றும் என் பாஸ்போர்ட் உறைக்குள் கிடக்கிறது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அறுபது பேருக்குச் சீட்டுக் கிழிப்பவர் என் முகத்தை எப்படி நினைவில் வைத்திருப்பார்? உங்கள் நிறுத்தத்துக்கு இரண்டு நிறுத்தம் முன்னதாகவே அவரிடம் போய்ச் சீட்டின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். கூச்சமே வேண்டாம். உள்ளூர்க்காரர்கள் மூன்று ரூபாய்க்கும் கேட்டு வாங்குகிறார்கள்.

இன்னொரு வேடிக்கையும் நடக்கும். உங்களுக்கும் முன்பின் தெரியாத ஒருவருக்கும் தலா ஐந்து ரூபாய் பாக்கி என்றால், ஒரே பத்து ரூபாய்த் தாளை அவர் கையில் திணித்து, "இறங்கிப் பிரித்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். பிறகு சில்லறை தேடி நீங்கள் இருவரும் சேர்ந்து பெட்டிக்கடைக்கு நடக்க வேண்டியதுதான்.

பத்து ரூபாய் நாணயம் தனிக் கதை. புழக்கத்தில் உள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியிலேயே அறிவித்துவிட்டது. இருந்தாலும் சில ஊர்களில் அதைக் கையால் தொட மாட்டார்கள். வாக்குவாதம் செய்து பயனில்லை, தாளாகக் கொடுத்துவிடுங்கள். முந்தைய பயணத்தில் மிஞ்சிய 2000 ரூபாய்த் தாளை பஸ்ஸில் எடுக்கவே எடுக்காதீர்கள். 2023 மே மாதத்தில் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்துவிட்டார்கள்.

பெண்களுக்கு, சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் கட்டணம் இல்லை. ஆனால் கட்டணமில்லாச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். விரைவு, சொகுசுப் பேருந்துகளுக்கு இந்தச் சலுகை பொருந்தாது.

சென்னை மெட்ரோவில் பாக்கி வேறு வடிவத்தில் மிஞ்சுகிறது. பழைய பயண அட்டை மேசை இழுப்பறையில் கிடந்தால் கையோடு எடுத்து வாருங்கள். 2025 ஆகஸ்ட் முதல் அதில் பணம் ஏற்ற முடியாது, உள்ளே இருப்பதைச் செலவழிக்கலாம். அதன் இடத்தில் வந்திருப்பது 'சிங்காரச் சென்னை' அட்டை. 2025 ஜனவரி முதல் மாநகரப் பேருந்துகளிலும் செல்கிறது. அட்டையில் போனால் மெட்ரோ கட்டணத்தில் 20 சதவீதம் குறையும் என்பதைக் கேட்டதும் ஆசை வரும். கணக்குப் போடுங்கள்: 40 ரூபாய்ப் பயணத்தில் மிச்சம் 8 ரூபாய். பத்து நாளில் ஆறு முறை போனால் 48. ஊர் திரும்பும்போது அட்டைக்குள் 150 ரூபாய் மாட்டிக்கொண்டால் நட்டம்தான். மேலும், இணையத்தில் ஏற்றிய பணம் அட்டையின் சில்லுக்குள் தானாகப் போய்ச் சேராது; நிலையத்தில் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இது தெரியாமல் நுழைவுக் கதவின் முன் அட்டையைத் தேய்த்துத் தேய்த்து விழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேல் தங்குபவர்கள் அட்டை வாங்கலாம், அதிலும் நூறு நூறாக ஏற்றுவது நல்லது. மற்றவர்களுக்கு கவுன்டரில் கிடைக்கும் காகித டிக்கெட்டே போதும்.

கடைசி நாள் விமான நிலையத்துக்கு மெட்ரோவில் போவதாக இருந்தால், யாரும் வாங்காத அந்தப் பத்து ரூபாய் நாணயங்களை எண்ணி எடுத்து வைத்து, அவற்றிலேயே டிக்கெட் வாங்குங்கள்.