மலைநாட்டு வீட்டில் வைன் போத்தலை வைக்கும் முறை

வெளிநாட்டிலிருந்து வந்த சொந்தக்காரர் கொடுத்தது, நத்தாருக்கென்று வாங்கியது என்று ஒன்றிரண்டு வைன் போத்தல் வீட்டில் சேர்ந்துவிடும். உடனே ஷோகேஸில், பீங்கான் கோப்பைகளுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுவோம். அங்கே அழகாகத்தான் இருக்கும், ஆனால் வெளிச்சமும் சூடும் வைனுக்கு ஆகாது.

வைன் கெடாமல் இருக்க 12, 13 பாகை செல்சியஸ் மிக நல்லது. கொழும்பில் என்றால் இதற்கென்றே தனிக் குளிர்பெட்டி வாங்க வேண்டும். 1868 மீற்றர் உயரத்திலிருக்கும் நுவரெலியாவிலோ ஆண்டுச் சராசரியே ஏறத்தாழ 16 பாகை. அட்டன், பண்டாரவளைப் பக்கம் சில பாகைகள் கூடலாம், அதுவும் பரவாயில்லை. குளிருக்கு நாம் காசு கொடுக்க வேண்டியதில்லை. பகலுக்கும் இரவுக்கும் உள்ள வித்தியாசத்தையும் ஈரத்தையும்தான் சமாளிக்க வேண்டும்.

1. இடத்தைத் தேடுங்கள்

இதற்குத்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். தகரக் கூரை வீட்டில் பெப்ரவரி, மார்ச் மத்தியானம் கூரைக்குக் கீழே நிற்க முடியாது. விடியற்காலையில் கம்பளிக்குள்ளும் நடுங்கும். சூட்டில் வைன் விரிந்து தக்கையை அழுத்தும், குளிரில் சுருங்கும்போது தக்கையோரமாகக் காற்று உள்ளே போகும். காற்றுப் பட்டால் மணம் போய்விடும், நிறமும் பழுப்பேறும்.

அதனால் பரணும் அலுமாரி உச்சியும் வேண்டாம். அடுப்படி வேண்டவே வேண்டாம். தரையை ஒட்டிய, வெயில் படாத உட்சுவர் ஓரத்தைப் பாருங்கள். கட்டிலுக்கடி தாராளமாகப் போதும். அங்கே ஒரு மலிவான வெப்பமானியை வைத்து, பகல் இரண்டு மணிக்கும் விடியற்காலையிலும் பாருங்கள். வித்தியாசம் மூன்று, நான்கு பாகைக்குள் என்றால் சரி. பத்துப் பாகை ஏறி இறங்கினால் வேறு மூலை தேடுங்கள்.

2. படுக்க வையுங்கள்

தக்கை போட்ட போத்தல் என்றால் படுக்கைதான். உள்ளேயிருக்கும் வைன் தொட்டுக்கொண்டிருந்தால் தக்கை காய்ந்து சுருங்காது. திருகு மூடி போத்தல் நின்றாலும் ஒன்றுமில்லை. எந்த மூடி என்று தெரியாவிட்டால் படுக்க வைத்துவிடுங்கள், நட்டமில்லை.

3. ஈரத்துக்கு வழி செய்யுங்கள்

வைனுக்குக் கொஞ்சம் ஈரப்பதன் நல்லதுதான். ஆனால் ஜூன், ஜூலை மழையில் நம் வீட்டுச் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டியில் வைத்தால் அடி நனைந்து ஊறி, தூக்கும்போது போத்தல் காலில் விழும். பலகைப் பெட்டி எடுங்கள். அடியில் இரண்டு செங்கல் கொடுத்து, சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். மேலே ஒரு தடித்த துணி போட்டால் வெளிச்சமும் படாது. லேபலில் பூஞ்சணம் வந்தால் உள்ளேயிருக்கும் வைனுக்கு ஒன்றும் ஆகாது, பெயரை வாசிக்க முடியாமல் போகும், அவ்வளவுதான். ஒரு அட்டைத் துண்டில் பெயரையும் வாங்கிய மாதத்தையும் எழுதிக் கழுத்தில் கட்டிவிடுங்கள்.

4. பிரிட்ஜில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்

உள்ளே காற்று வறண்டது, தக்கை காயும். குடிப்பதற்கு முன்னால் வெள்ளை வைனை ஒன்றிரண்டு மணிநேரம் வைத்தால் போதும். சிவப்பு வைனை, நுவரெலியாக் குளிரில், இருந்த இடத்திலிருந்தே எடுத்து ஊற்றலாம்.

5. காலத்தைப் பாருங்கள்

வைன் பழசானால் ருசி கூடும் என்பார்கள். கடையில் நாம் வாங்கும் சாதாரண வைனுக்கு அது பொருந்தாது. பெரும்பாலானவை ஓரிரு வருடத்தில் குடிக்கத் தயாரித்தவை. பேரன் கல்யாணத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.

திறந்த போத்தலை, சிவப்போ வெள்ளையோ, இறுக்கி மூடி பிரிட்ஜில் நிறுத்தி வைத்து மூன்று முதல் ஐந்து நாளுக்குள் முடித்துவிடுங்கள். நுரைக்கும் வைன் அடுத்த நாளே சப்பென்றாகிவிடும். போர்ட் வைன் மட்டும் சில வாரம் தாங்கும்.