கத்திரி வெயிலும் நாலுவழிச்சாலையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஒரே தேடல்தான், நிழல். சிக்னலில் பச்சை வலைப் பந்தல் போட்டிருந்தால், கோடு இன்னும் இருபதடி தள்ளி இருந்தாலும் பைக்காரர் பந்தலுக்கடியிலேயே சட்டென்று நின்றுவிடுவார். பின்னால் வருகிற ஷேர் ஆட்டோக்காரருக்கு அது எப்படித் தெரியும்? வெயில் செய்கிற கெடுதலைவிட, வெயிலுக்குப் பயந்து நாம் செய்கிற காரியங்கள்தான் என்னை அதிகம் பயமுறுத்துகின்றன.

முதல் தவறு டயரில் காற்றைக் குறைப்பது. "வெயிலுக்குக் காத்து விரியும்ணே, ரெண்டு பாயிண்ட் கொறைச்சு வச்சுக்கங்க" என்று சொல்லாத ஆள் இல்லை. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது நேர்மாறு. காற்று குறைந்த டயர் தரையில் அதிகம் நசுங்கும். ஒவ்வொரு சுற்றிலும் அதன் பக்கச்சுவர் மடங்கி மடங்கி நிமிரும். அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. கொதிக்கிற தார் ரோட்டில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அந்தச் சூடும் சேர்ந்தால் டயர் வெடிக்கும். காலையில் 33 பாயிண்ட் வைத்துக் கிளம்பிய கார், விருதுநகர் போய்ச் சேரும்போது 36, 37 காட்டலாம். பதற வேண்டாம். இந்த ஏற்றத்தையும் கணக்கில் வைத்துத்தான் அளவைச் சொல்லியிருக்கிறார்கள். அங்கே காற்றைப் பிடுங்கிவிட்டால் மறுநாள் காலையில் டயர் தொய்ந்து கிடக்கும். ஓட்டுநர் பக்கக் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவுதான் சரி. அதையும் வண்டி எடுக்குமுன், டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து.

டயரின் வயதையும் பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. பட்டன் தேயவில்லை என்பதற்காகப் பத்து வருடப் பழசை நம்பி நெடுஞ்சாலையில் ஏறக்கூடாது.

அடுத்தது, "வெயிலுக்கு முன்னாடி போயிருவோம்" என்று ராத்திரி இரண்டு மணிக்குத் திருச்செந்தூருக்குக் கிளம்புவது. முந்தின நாள் வேலை பார்த்த அலுப்போடு, ஒரு மணி நேரம்கூடக் கண்ணயராமல் ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். இரண்டிலிருந்து ஐந்து மணிவரை உடம்பு தூக்கத்துக்கென்றே கேட்கும் நேரம். பாட்டு, பன்னீர் சோடா, முகத்தில் தண்ணீர் எல்லாம் சில நிமிடம்தான் தாங்கும். நான்கரைக்கு எழுந்து ஐந்து மணிக்குக் கிளம்பினாலே உச்சி வெயிலுக்கு முன் போய்ச் சேரலாம். மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டு ஏசியை உள்காற்றிலேயே சுற்றவிட்டு ஓட்டுவதும் இதே வகைதான். நாலைந்து பேர் விடும் மூச்சே உள்ளே சுழன்று கண்ணைச் சொருகும். இடையிடையே வெளிக்காற்றைத் திறந்துவிடுங்கள்.

நாலுவழிச்சாலை போட்டபோது புளியமரங்கள் போய்விட்டன. இப்போது மேம்பாலத்தின் நிழல்தான் மிச்சம். அதற்கடியில் வண்டியை ஓரங்கட்டிப் பிள்ளைகளுக்குச் சோறூட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வெளிச்சத்திலிருந்து திடீரென்று இருட்டுக்குள் நுழைகிற லாரிக்காரரின் கண்ணுக்கு நீங்கள் சில நொடி தெரியவே மாட்டீர்கள். நுங்குக்கும் இளநீருக்கும் நிறுத்தினாலும் சாலையை விட்டு முழுசாக இறங்கி நிறுத்துங்கள். வழியில் வண்டி நின்றுவிட்டால் 1033க்குக் கூப்பிடலாம், அடிபட்டால் 108.

குலதெய்வக் கோயில் கிடாவெட்டுக்குக் குட்டியானையில் இருபது பேர் ஏறிப் போவதைப் பற்றி என்ன சொல்வது? "காத்தோட்டமா இருக்கும்ல" என்பார்கள். சரக்கு வண்டி சாய்ந்தால் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. பிறகு இழப்பீடு கேட்டு அலைவது தனிக்கதை.

இரு சக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்து குடை பிடிக்காதீர்கள். ஒரு பஸ் கடந்து போகிற காற்றே வண்டியை இழுத்துவிடும். முகத்தைச் சுற்றிக் கட்டிய ஷால் பக்கப் பார்வையை மறைக்கும், தொங்குகிற முனை சக்கரத்தில் சுற்றும். ஹெல்மெட்டுக்குள் வேர்க்கிறது என்றால் மெல்லிய பருத்தித் துணியைத் தலையில் கட்டி அதன்மேல் போடுங்கள். டேங்க் மேல் வைத்த ஹெல்மெட் டேங்கைத்தான் காக்கும்.

வெயிலில் டேங்க் நிறைய பெட்ரோல் போட்டால் வெடிக்கும் என்று வருஷா வருஷம் வாட்ஸ்அப்பில் வருவதை விட்டுவிடலாம். பங்கில் தானாகக் கட்டாகும் அளவுவரை தாராளமாகப் போடலாம். உண்மையான ஆபத்து, "அஞ்சு நிமிஷம்தான்" என்று பிள்ளையைப் பூட்டிய காருக்குள் விட்டுப் போவதில் இருக்கிறது. பத்து நிமிடத்தில் உள்ளே பத்து டிகிரி ஏறிவிடும். குழந்தையின் உடம்பு பெரியவர்களைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடாகும். கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கி வைத்தாலும் பயனில்லை. ரேடியேட்டர் கொதித்தால் மூடியைத் தொடாதீர்கள். எஞ்சின் நன்றாக ஆறட்டும்.

கிராமத்து ரோட்டில் உலர்த்தியிருக்கும் கதிர்மேல் பிரேக் பிடித்தால் பைக் வழுக்கும். காருக்கடியில் வைக்கோல் சிக்கினால் சைலன்சர் சூட்டில் பற்றிக்கொள்ளும். தாண்டியதும் இறங்கி ஒருமுறை குனிந்து பாருங்கள்.

பல நாள் காய்ந்த ரோட்டில் முதல் கோடைமழை விழும்போது எல்லாருக்கும் உற்சாகம் வந்துவிடுகிறது. தாரில் படிந்த ஆயிலும் புழுதியும் கலந்து சோப்பு நுரைபோல ஆவது அந்த முதல் கால் மணி நேரத்தில்தான். அதற்குள் ஒரு டீயைச் சொல்லி, ஓரமாக நின்று மழையைப் பார்க்கலாம்.