பேட்மேன் கார்ட்டூன் தொடரை டிஸ்க்கில் வாங்குவது எப்படி? முதல்முறை வாங்குபவர்களுக்கு

1992 செப்டம்பர் 5 அன்று அமெரிக்காவின் ஃபாக்ஸ் கிட்ஸில் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரிஸ்’ தொடங்கியது. அதை முழுசாக, நல்ல தரத்தில் சொந்தமாக வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, எந்த டிஸ்க் பெட்டியை வாங்குவது என்று குழம்பி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சூப்பர்ஹீரோ கார்ட்டூன்களில் டிஸ்க் வாங்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல தொடர் எனக்குத் தெரியாது.

இந்தத் தொடருக்கு டிஸ்க் எதற்கு என்று கேட்டால், காரணம் அதன் கறுப்பில் இருக்கிறது. பொதுவாகப் பின்னணி ஓவியங்களை வெள்ளைத் தாளில் தீட்டுவார்கள். புரூஸ் டிம்முடன் சேர்ந்து இதை உருவாக்கிய எரிக் ரடோம்ஸ்கி, கறுப்புத் தாளிலேயே பின்னணி தீட்ட வைத்தார். இருட்டு ஏற்கெனவே தாளில் இருக்கும். ஓவியர் வெளிச்சத்தை மட்டும் தீட்டுவார். இணையத்தில் அதிகம் சுருக்கி அனுப்பும் வீடியோவில் முதலில் கெட்டுப்போவது இந்த மாதிரி இருட்டுதான். பேட்மேன் வாழும் காத்தம் நகரத்து வானம் கட்டம் கட்டமாகத் தெரியும். நல்ல டிஸ்க்கில் அது வானமாகவே இருக்கும்.

1. முதலில் எண்ணுங்கள்

அட்டையைப் பார்க்காதீர்கள், எபிசோட் எண்ணிக்கையைப் பாருங்கள். இதில்தான் புதிதாக வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள். நான் முதலில் வாங்கிய பழைய டிஸ்க்கின் அட்டை அவ்வளவு அழகு. உள்ளே இருந்தவை விரல் விட்டு எண்ணக்கூடிய எபிசோடுகள். விற்றவர் பொய் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. விஎச்எஸ் கேசட் காலத்திலும் டிவிடியின் தொடக்கத்திலும் இப்படிச் சில எபிசோடுகளை மட்டும் பொறுக்கிப் போட்டு விற்பது வழக்கமாக இருந்தது.

மூலத் தொடர் 1995 வரை வந்தது, மொத்தம் 85 எபிசோடுகள். அப்புறம் 1997 முதல் 1999 வரை ‘தி நியூ பேட்மேன் அட்வெஞ்சர்ஸ்’ என்ற பெயரில், வேறு ஓவியப் பாணியில் 24 எபிசோடுகள். இரண்டும் சேர்ந்து 109. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவிடியில் இது நான்கு வால்யூம்களாக வந்தது. முதல் வால்யூம் 2004 ஜூலையில், மற்ற மூன்றும் 2005-இல். எபிசோடுகள் முறையே 28, 28, 29, 24. முதல் மூன்றை வாங்கினால் மூலத் தொடர் முழுமை. நான்காவதுதான் 97-இல் தொடங்கிய தொடர். 2008-இல் எல்லாம் சேர்ந்த ஒரே டிவிடி பாக்ஸ் செட்டும் வந்தது. விளம்பரத்தில் ‘முழுத் தொடர்’ என்று போட்டிருந்தால், 85-ஆ 109-ஆ என்று விற்பவரிடம் கேட்டுவிடுங்கள்.

2. டிவிடியா, ப்ளூரேயா?

ப்ளூரே ப்ளேயர் இருந்தால் யோசிக்காமல் ப்ளூரே. அமெரிக்க டிவிடியில் படம் 720 × 480 புள்ளிகள்தான். ப்ளூரே 1920 × 1080. தொடர் பழைய சதுர டிவிக்காக 4:3 அளவில் எடுக்கப்பட்டது என்பதால் அதில் 1440 × 1080 புள்ளிகள் படத்துக்குப் போகும், இரு ஓரமும் கறுப்பாக இருக்கும். அப்போதும் டிவிடியைவிட நான்கு மடங்குக்கும் மேல் புள்ளிகள்.

ஆனால் புள்ளிகள் கூடினால் மட்டும் போதாது, மூலம் எது என்பதுதான் முக்கியம். இந்தத் தொடர் கையால் வரைந்து, வண்ணம் தீட்டி, பிலிமில் படம் பிடிக்கப்பட்டது. அந்தப் பிலிமிலிருந்து மறுபடி ஸ்கேன் செய்துதான் 2018 அக்டோபர் 30 அன்று ப்ளூரே வெளியிட்டார்கள். பிலிமில் ஒட்டியிருந்த தூசியும் சின்னக் கீறல்களும்கூட அங்கங்கே தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை, வரைந்த கைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

எல்லாத் தொடர்களுக்கும் இந்த வசதி அமையாது. ‘பேட்மேன் பியாண்ட்’ 2019-இல் ப்ளூரேயில் வந்தபோது சில எபிசோடுகளை அப்படிப் புதுப்பிக்க முடியாமல், பழைய வீடியோவையே பெரிதாக்கிச் சேர்த்தார்கள். அதனால் வேறு எந்தத் தொடரை வாங்கினாலும், ‘பிலிமிலிருந்து ரீமாஸ்டர் செய்ததா, வீடியோவைப் பெரிதாக்கியதா’ என்ற கேள்வியைக் கேட்டுப் பழகுங்கள்.

2018 பெட்டியில் 109 எபிசோடுகளோடு ‘மாஸ்க் ஆஃப் தி ஃபேன்டஸம்’, ‘சப்ஜீரோ’ என்ற இரண்டு படங்களும் உண்டு. அது வரையறுக்கப்பட்ட பதிப்பு. மூன்று சின்னப் பொம்மைகளும் உள்ளே இருக்கும். பழையது விற்பவர்கள் பெரும்பாலும் பொம்மைகளுக்குத்தான் விலை ஏற்றுவார்கள். படம் பார்ப்பது உங்கள் நோக்கம் என்றால், பொம்மை இல்லாமல் பிறகு வந்த சாதாரணப் பதிப்பே போதும்.

3. ரீஜன்

ஒரு டிஸ்க் உலகின் எந்தப் பகுதி ப்ளேயரில் ஓடும் என்று காட்டும் குறிதான் ரீஜன். டிவிடியில் இந்தியாவும் இலங்கையும் 5, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, பிரிட்டன் 2, அமெரிக்காவும் கனடாவும் 1. ப்ளூரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: அமெரிக்கா, சிங்கப்பூர், மலேசியாவுக்கு ஏ, பிரிட்டனுக்கு பி, இந்தியாவுக்கு சி. ரீஜன் பூட்டு போட்ட டிஸ்க்கும் உங்கள் ப்ளேயரும் ஒத்துப்போகாவிட்டால் படம் ஓடாது. ‘ரீஜன் ஃப்ரீ’ டிஸ்க் என்றால் கவலை இல்லை. கம்ப்யூட்டர் டிரைவில் போட்டுப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: டிவிடி டிரைவின் ரீஜனை மொத்தம் ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்ததே கடைசி.

4. பழைய டிஸ்க் வாங்கும்போது

விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பிடித்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். மேலோட்டமான கீறல் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. வட்டத்தை ஒட்டி ஓடும் நீளக் கீறல் ஆபத்து. துடைக்கும்போதும் இதை நினைவில் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேர்கோட்டில் துடையுங்கள், சுற்றிச் சுற்றித் துடைக்காதீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு கோளாறும் உண்டு. இந்தத் தொடரை வெளியிட்ட வார்னர் நிறுவனத்துக்காக 2006 முதல் 2008 வரை தயாரான டிவிடிகளில் சில தானாகவே கெட்டுப்போகின்றன. 2025-இல் நிறுவனமே இதை ஒப்புக்கொண்டது. வெளியே பளபளவென்று இருக்கும் டிஸ்க் பாதியில் உறைந்து நின்றுவிடும். 2008 டிவிடி செட்டோ, அந்த ஆண்டுகளில் வந்த மற்ற கார்ட்டூன் செட்டோ வாங்கினால், திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒவ்வொரு டிஸ்க்கையும் கடைசி எபிசோட் வரை ஓட்டிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘சரி, ஓடுகிறது’ என்று எடுத்து வைத்துவிட வேண்டாம். ஒரு சனி, ஞாயிறு இதற்கே போகும், போகட்டும்.

5. டிவியைச் சரிசெய்யுங்கள்

இதைப் பெரும்பாலானவர்கள் செய்வதில்லை, எனக்கு அது மிகவும் வருத்தம். ரிமோட்டில் படத்தின் அளவைப் பாருங்கள். திரை முழுக்க இழுத்து வைத்திருந்தால் பேட்மேனின் தாடை அகலமாகிவிடும். பெரிதாக்கி வைத்திருந்தால் தலையும் காலும் வெட்டுப்படும். ஓரத்தில் கறுப்பு இருக்கட்டும், அதுதான் சரியான படம்.

அடுத்து, அசைவை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒவ்வொரு கம்பெனி டிவியிலும் அதற்கு ஒவ்வொரு பெயர். ‘மோஷன்’ என்ற சொல் வரும் பகுதியில் தேடினால் கிடைக்கும். வரைந்தவர் வேண்டுமென்றே விட்ட இடைவெளியை டிவி தன் இஷ்டத்துக்கு நிரப்பும்போது, கோட்டோவியம் குழைந்துபோகும். ஷார்ப்னஸையும் குறைத்து வையுங்கள்.

6. எந்த வரிசையில் பார்ப்பது?

டிஸ்க்கில் இருக்கும் வரிசையிலேயே பாருங்கள். தொலைக்காட்சியில் முதலில் வந்தது ‘தி கேட் அண்ட் தி கிளா’வின் முதல் பாகம், அதன் இரண்டாம் பாகம் வந்தது ஒரு வாரம் கழித்து. டிஸ்க்கில் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும், தொடக்கமும் ‘ஆன் லெதர் விங்ஸ்’ எபிசோடாக இருக்கும். ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோடை இரண்டு முறை பாருங்கள்: முதலில் கதைக்காக, பிறகு படைப்பாளிகள் பேசும் கமென்டரியோடு.

கடைசியாக, உங்கள் டிவி சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு சோதனை. ‘ஃபீட் ஆஃப் கிளே’ இரண்டு பாகங்களையும் இடைவெளி விடாமல் போடுங்கள். முதல் பாகத்தை வரைந்தது தென்கொரியாவின் ஏகாம் ஸ்டுடியோ, இரண்டாவதை ஜப்பானின் டிஎம்எஸ் ஸ்டுடியோ. ஒரே கதை, ஒரே வில்லன், கைகள் மட்டும் வேறு. இரண்டாம் பாகத்தின் முடிவில், சுற்றிலும் திரைகளில் தன் பழைய வேடங்கள் ஓட, வில்லன் கிளேஃபேஸின் முகம் ஒன்றிலிருந்து ஒன்றாக உருகி மாறிக்கொண்டே இருக்கும். அந்தக் காட்சிக்கு முன்னால் அறை விளக்கை அணைத்துவிடுங்கள்.